இனிப்புச் சுருட்டிலிருந்து வெறும் சுருட்டுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வயது 36. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை சுருட்டு பிடிப்பவன். இதுவரை பிடித்தவை எல்லாம் வெனிலா, செர்ரி, காபி வாசனை ஏற்றியவை. உதட்டில் வைத்தாலே இனிக்கும். வாசனை சேர்க்காத கைச்சுருட்டுக்கு மாறலாம் என்று நண்பர் ஒருவர் கொடுத்த நிகரகுவா ரொபஸ்டோக்கள் (குட்டையான தடிச் சுருட்டுகள்) மூன்றில் ஒன்றைப் பற்றவைத்தேன். கால்வாசியில் ஒரே கசப்பு. பாதியில் தலைசுற்றி வியர்த்துவிட்டது. மற்ற இரண்டும் வெனிலாச் சுருட்டுகள் இருக்கும் பெட்டியிலேயே கிடக்கின்றன. நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? கறுப்பாக இருந்தால் காரம் என்கிறார்கள், வெளிர்நிறமாகப் பார்த்து வாங்கட்டுமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த இரண்டு சுருட்டையும் வெனிலாப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். ஏற்றிய வாசனை பக்கத்தில் கிடக்கும் இலைக்குத் தாவிவிடும். மரப்பெட்டி என்றால் மரமும் அதைக் குடித்துவைத்துக்கொள்ளும், பிறகு லேசில் விடாது. சுருட்டின் பற்றவைக்கும் முனையை முகர்ந்து பாருங்கள். வெனிலா அடித்தால் அவற்றை இனி வெனிலாச் சுருட்டாகவே கணக்கு வையுங்கள், ருசி பழக உதவாது.

புதியவற்றுக்கு விலையுயர்ந்த ஹியூமிடார் (சுருட்டை ஈரம் மாறாமல் வைக்கும் பெட்டி) தேவையில்லை. ரப்பர் விளிம்பு வைத்த, வாசனை இல்லாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே ஈரத்தை 65 அல்லது 69 சதவீதத்தில் நிறுத்தும் ஈரப்பதப் பொதி ஒன்று, ஈரம் காட்டும் சிறு ஹைக்ரோமீட்டர் ஒன்று போதும். 60 கிராம் பொதி ஏறக்குறைய 25 சுருட்டுக்குத் தாங்கும். உள்ளே கட்டியாகிவிட்டால் மாற்ற வேண்டும். சென்னையில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊரே ஈரமாக இருக்கிறதே, பொதி எதற்கு என்று சுருட்டை வெளியே போட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் சுருட்டு ஊறிப்போய்ப் புகை வராது, ஏசி அறையில் காய்ந்து மேலிலை (சுருட்டைச் சுற்றியிருக்கும் வெளி இலை) வெடிக்கும்.

ஈரத்தைவிடப் பெரிய ஆபத்து வெக்கை. அறை வெப்பம் 25 டிகிரிக்கு மேலேயே இருந்தால், இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கத் தொடங்கும். மேலிலையில் குண்டூசி முனை அளவு ஓட்டையும் டப்பாவின் அடியில் பொடியும் தெரிந்தால் அதுதான். நம் ஊர்க் கோடைக்கு, வாங்கியதை ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஒரு நாள் ஃபிரிட்ஜில், மூன்று நாள் ஃப்ரீசரில், மறுபடி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வெளியே எடுப்பது நல்லது. ஃப்ரீசரிலிருந்து நேராக மேசைக்குக் கொண்டுவந்தால் மேலிலை விரிசல் விடும். பிறகு டப்பாவில் இரண்டு வாரம் கிடக்கட்டும்.

இனி கசப்புக்கு வருவோம். அந்த ரொபஸ்டோவைக் குறை சொல்லும் முன் உங்கள் வேகத்தைப் பாருங்கள். வாசனைச் சுருட்டில் உதடு படும் நுனியில் இனிப்பூட்டி தடவியிருப்பார்கள். நாக்கில் இனிப்பு, மூக்கில் வெனிலா என்று இருக்கும்போது, இலை சூடாகிக் கருகுவது தெரியவே தெரியாது. அதனால் நிமிடத்துக்கு மூன்று நான்கு இழுப்பு இழுத்துப் பழகியிருப்பீர்கள். அதே வேகத்தில் வெறும் சுருட்டை இழுத்தால் நெருப்பு முனை அளவுக்கு மீறிச் சூடேறி, தார் வாய்ப்பக்கம் சேர்ந்து, கசப்பும் நாக்கெரிச்சலும் வரும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு, அதுவும் மெதுவாக. நெருப்புக்கு ஓர் அங்குலம் தள்ளி விரலால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இரண்டு நிமிடம் கீழே வையுங்கள். கசப்பு ஏறிவிட்டால் சுருட்டின் வழியாக ஒரு முறை மெல்ல வெளியே ஊதுங்கள், தேங்கிய புகை போய்விடும். ஐந்து அங்குல ரொபஸ்டோ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்க வேண்டியது. இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்ததென்றால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

தலைசுற்றல் நிகோடினால் வந்தது. சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உடையது, நுரையீரலுக்குப் போகாமலேயே வாயின் உட்தோல் வழியாக நிகோடின் ரத்தத்தில் ஏறும். வெறும் வயிறு, வேகம், புகையை உள்ளே இழுப்பது மூன்றும் சேர்ந்தால் வியர்வையும் குமட்டலும் நிச்சயம். சாப்பிட்ட பிறகு மட்டும் பிடியுங்கள். புகையை விழுங்க வேண்டாம், வாயோடு நிற்கட்டும். தலை கிறுகிறுத்தால் உடனே கீழே வைத்துவிட்டு உட்காருங்கள், இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: வாசனைச் சுருட்டிலிருந்து வெறும் சுருட்டுக்கு மாறுவதால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து இரண்டிலும் உண்டு. மாதத்துக்கு இரண்டு மூன்று என்பது கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் இன்னும் நல்லது.

கறுப்பு என்றால் காரம் என்பது தவறு. காரத்தில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் இலையிலிருந்து வருகிறது. புகையிலைச் செடியின் உச்சியில் வெயிலை வாங்கி வளரும் லிகேரோ இலை எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு காரம். கீழ் இலையான வொலாடோ நன்றாக எரியும், காரம் குறைவு. மேலிலை கறுத்திருப்பது அதிக நாள் அம்பாரம் போட்டுப் புளிக்கவைத்ததால். அப்படிப் பாடம் போட்ட மதுரோ இலையில் கோகோ, காபி சாயலும் லேசான இயல்பான இனிப்பும் இருக்கும். இனிப்பு பழகிய நாக்குக்கு வெளிர்நிறக் கனெக்டிகட் மேலிலையைவிட மென்மையான கறுப்பு மதுரோதான் நல்ல பாலம் என்பது என் கருத்து. பெரும்பாலான கடைக்காரர்கள் கனெக்டிகட்டையே நீட்டுவார்கள். அதில் தவறில்லை, ஆனால் வெனிலாவிலிருந்து வருகிறவருக்கு அது வைக்கோலும் பாலாடையும்போல் சப்பென்று இருக்கும், “இதில் என்ன இருக்கிறது?” என்று திரும்பிவிடுவார். ஆகவே கடையில் “மைல்டா மீடியமா?” என்பதை முதலில் கேளுங்கள், நிறத்தைப் பிறகு பாருங்கள்.

அளவில் சின்னதாகத் தொடங்குங்கள். ரிங் கேஜ் என்பது சுருட்டின் தடிமனைச் சொல்லும் அலகு, அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு. 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் குறுக்களவு. உங்களுக்கு நான்கு முதல் ஐந்து அங்குலம், 42 முதல் 46 வரை சரியாக இருக்கும். மதுரோவில் அந்த அளவு கிடைக்காவிட்டால் கேமரூன் மேலிலை போட்ட ஆர்தூரோ ஃபுவெந்தே ஹெமிங்வே ஷார்ட் ஸ்டோரி போன்ற குட்டைச் சுருட்டைப் பார்க்கலாம். தடிமன் சற்றே கூடுதல், ஆனால் நீளம் நான்கு அங்குலம்தான், மசாலா வாசம் மெல்லிசாக இருக்கும். மென்மைதான் வேண்டும் என்றால் டொமினிகன் குடியரசில் செய்யும் மக்கனூடோ கஃபே. ஒரே வகையைத் தொடர்ந்து மூன்று முறையாவது பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக வாங்கினால் மாறியது சுருட்டா உங்கள் கையா என்று தெரியாது.

இனிப்பை இலையில் தேடாமல் கோப்பைக்கு மாற்றிவிடுங்கள். பனைவெல்லம் போட்ட பால் சேர்க்காத காபி பக்கத்தில் இருந்தால் முதல் சில சுருட்டுகளுக்குப் பெரிய உதவி. வாயிலிருக்கும் புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியே விடவும் பழகுங்கள். நாக்குக்கு இனிப்பு, கசப்பு, உப்பு, புளிப்பு போன்ற சிலதான் தெரியும். கோகோ, மரம், மிளகு வாசமெல்லாம் மூக்குக்குத்தான் தெரியும். ஒரு சுருட்டுக்கு மூன்று நான்கு முறை போதும், அதற்கு மேல் மூக்கெரியும்.

வெட்டுவது 2 மில்லிமீட்டருக்குள். நுனியில் ஒட்டிய தொப்பி இலை வளைந்து இறங்கும் தோள் இருக்கிறதே, அதற்கு மேலே. கீழே வெட்டினால் மேலிலை பிரிந்துகொண்டே வரும். பற்றவைக்க பியூட்டேன் லைட்டர் அல்லது நீளத் தீக்குச்சி. பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் வாசம் ஏற்றும். சுடர் முனையைத் தொடாமல் சற்று மேலே பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விளிம்பு முழுக்கக் கறுத்த பிறகு இழுங்கள். அவசரமாகப் பற்றவைத்ததுதான் பின்னால் ஒரு பக்கமாக எரிவதற்குப் பெரும்பாலும் காரணம். அப்படி எரிந்தால் பின்தங்கிய பக்கத்தை மட்டும் லைட்டரால் லேசாகத் தொடுங்கள். நடுவில் குழியாக எரிந்து மேலிலை நின்றுவிட்டால் இழுப்பு போதவில்லை அல்லது ஈரம் அதிகம். அணைந்துவிட்டால் சாம்பலைத் தட்டி, ஒரு தடவை ஊதிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பற்றவைக்கலாம். மறுநாளைக்கு எடுத்துவைக்காதீர்கள், நாறும்.

“நம் உறையூர்ச் சுருட்டில் தொடங்கினால் என்ன?” என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு இரண்டு முனையும் திறந்தே இருக்கும், வெட்டும் வேலை இல்லை, விலையும் குறைவு. ஆனால் காரமானது, கடைகளில் திறந்தவெளியில் கிடந்து பெரும்பாலும் காய்ந்திருக்கும், அதனால் வேகமாகச் சூடாகும். உங்களைக் கீழே சாய்த்த அதே வேகப் பிரச்சினை இதில் இரட்டிப்பாகும். இழுப்பு நிதானப்பட்ட பிறகு, வாங்கியதை அந்த டப்பாவில் ஒரு மாதம் வைத்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள்.

யாராவது கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கியூபா கோஹிபா என்று நீட்டினால் வாங்காதீர்கள். அப்படி ஒரு பெட்டியைக் கோஹிபா தயாரிப்பவர்கள் செய்வதே இல்லை.