சிவப்பணுவின் வடிவம் மாறினால் ஏன் வலிக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்பில் சில குழந்தைகளுக்கு அரிவாள் செல் சோகை இருக்கிறது. இரத்தத்திலுள்ள செல்லின் வடிவம் மாறுவதுதான் நோய் என்று மருத்துவர் கூறினார். வடிவம் மாறியதற்கா இவ்வளவு வலி?
– வாசகி, கூடலூர்

பதில்: சிவப்பணு தன் வேலையைச் செய்வதே வடிவத்தின் துணையால்தான். நல்ல நிலையிலுள்ள சிவப்பணு, இருபுறமும் நடுவில் குழிந்த வட்டத் தட்டு. குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 130 அணுக்களை வரிசையாக வைத்துவிடலாம். ஆனால் அது நுழைந்து கடக்க வேண்டிய தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில் பல, அதைவிடக் குறுகலானவை.

தோட்டத்தில் கொழுந்து மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். திணித்துக் கட்டிய மூட்டை விறைத்து நிற்கும். பாதி நிரம்பியதை மடித்து எந்த இடுக்கிலும் செருகிவிடலாம். சிவப்பணு அந்தப் பாதி நிரம்பிய மூட்டையைப் போன்றது. அதே கன அளவுள்ள உருண்டைக்கு வேண்டியதைவிட அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம் என்பதாலும், முதிரும்போதே உட்கருவை வெளியேற்றிவிடுவதாலும், அது மடங்கி நெளிந்து குறுகிய வழியைக் கடந்து, மறுபுறம் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது.

இந்த நோயில், சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி என்னும் அமினோ அமிலத் தொடரில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்னும் அமினோ அமிலம் அமர்ந்துவிடுகிறது. மாற்றம் அவ்வளவே. ஆனால் அதனால், ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட, விறைத்த இழைகளாகி, அணுவை உள்ளிருந்தே தள்ளி அரிவாள் போல வளைத்துவிடுகின்றன. வளைந்த அணு மடங்காது. தந்துகியில் சிக்கிக்கொள்ளும், பின்னால் வருபவையும் தேங்கும், அதற்கு அப்பாலுள்ள எலும்பும் தசையும் ஆக்சிஜன் இன்றித் தவிக்கும். குழந்தை கையையும் காலையும் பிடித்துக்கொண்டு அழுவது இதனால்தான். மேலும், சுமார் 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளிலேயே சிதைவதால் சோகையும் சேர்ந்துகொள்கிறது.

நீலகிரிப் பழங்குடியினரிடையே இந்த அரிவாள் வடிவ அணு இருப்பதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளனர். ஆகவே இது நம் மலைக்குப் புதிதன்று. நாம் இன்னும் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒன்று. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். உடலில் நீர் குறைந்தால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் செறிந்து, இழைகள் விரைவாக உருவாகும். கூடலூரிலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு அக்குழந்தைகளை அழைத்துச் செல்ல நேர்ந்தால் ஸ்வெட்டரும் குடிநீரும் கட்டாயம் வேண்டும். பயணத்துக்கு முன் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் விளையாட்டில் விரைவில் களைத்துப்போவதைச் சோம்பல் என்று யாரேனும் சொன்னால், தயவுசெய்து அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

கேள்வி: முதுமலை யானையின் செல், எலியின் செல்லைவிடப் பெரியதா? செல்கள் ஏன் இவ்வளவு சிறியவை?
– பள்ளி மாணவர், குன்னூர்

பதில்: பெரும்பாலான செல்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான், யானைக்கு எண்ணிக்கை மிக அதிகம். காரணத்தை வீட்டு அடுப்படியிலேயே பார்க்கலாம். ஊட்டி உருளைக்கிழங்கில் 2 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை வெட்டுங்கள்: மேற்பரப்பு 24 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. துண்டுகள் எட்டாக்கினால் மேற்பரப்பு 48 ஆகிவிடும். கிழங்கின் அளவோ கூடவில்லை. சிறு துண்டில் உப்பு விரைவாக ஊறுவதும் இதனாலேயே. செல்லும் உணவையும் ஆக்சிஜனையும் மேற்பரப்பின் வழியேதான் பெறுகிறது. பருத்துக்கொண்டே போனால் நடுப்பகுதி பட்டினி கிடக்கும்.

நீளமாக வேண்டிய செல் மெலிந்து நீளும். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால் விரல் வரை செல்லும் நரம்புச் செல்லின் இழை, வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமிருந்தும், தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லியதாகவே இருக்கிறது.