மூத்தவன் போனதுபோல் இவளும் போய்விடுவாளா?

கூடலூரிலிருந்து எழுதியிருக்கும் தாய்க்கு,

மஞ்சள் கண், மெலிவு, டானிக் என்று நிறைய கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாதது மூத்த மகன் ஒன்றரை வயதில் ஒரே இரவில் வெளிறி, வயிறு வீங்கி இறந்ததுதான். இப்போது இரண்டரை வயது மகளுக்கும் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மண்ணீரலில் ரத்தம் திடீரெனத் தேங்குவதற்கு அப்படியே பொருந்துகின்றன. அரிவாள் வடிவில் விறைத்த சிவப்பணுக்கள் மண்ணீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் வழியை அடைத்துக்கொள்ளும். சில மணி நேரத்திலேயே ஹீமோகுளோபின் 2 கிராமுக்கு மேல் சரிந்துவிடும். சீக்கிரம் ரத்தம் ஏற்றினால் பிள்ளை பிழைக்கும்.

மண்ணீரலைத் தினமும் நீங்களே தொட்டுப் பார்க்கலாம். மகளை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்குங்கள். விரல்களைத் தட்டையாக வைத்து, தொப்புளுக்குக் கீழிருந்து இடது விலா எலும்பை நோக்கி மெல்ல அழுத்திக்கொண்டே மேலே வாருங்கள். விலாவிலிருந்து ஆரம்பித்தால், நன்றாக வீங்கிய மண்ணீரலின் விளிம்பு கைக்குத் தட்டுப்படாமலே போய்விடும். விலாவுக்குக் கீழே எத்தனை விரல் அளவு என்று குறித்துவையுங்கள். முதல் தடவை மட்டும் நர்ஸ் அருகில் இருந்து சொல்லித்தரட்டும்.

நேற்று இரண்டு விரல், இன்று நான்கு விரல், கூடவே உதடும் உள்ளங்கையும் வெளுத்திருக்கிறதா? காலைவரை காத்திருக்காதீர்கள். ஒரு முறை வந்தால் மறுபடியும் வரலாம். 5 வயதுக்குமேல் இது வராது என்று இணையத்தில் படித்து நிம்மதி அடையவும் வேண்டாம். மண்ணீரல் சுருங்கினால்தான் இந்த ஆபத்து குறையும்; நம் நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது சுருங்க இன்னும் பல வருடம் ஆகும்.

காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டாலும் அப்படித்தான், உடனே ஆஸ்பத்திரி. வீட்டிலிருக்கும் ஆன்டிபயாடிக் மிச்சத்தைக் கொடுத்துப் பார்க்கும் வேலையே கூடாது. கிருமித்தொற்று வராமல் தடுக்க 3 வயதுவரை பெனிசிலின் 125 மில்லிகிராம் தினமும் இரண்டு வேளை, பிறகு 250. நிமோனியா தடுப்பூசி பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள்.

மற்றவை பெரிதல்ல. 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு இவளுக்கு 10, 20 நாளில் உடைகிறது; அதனால்தான் கண் லேசாக மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லிக்கு இங்கே வேலையில்லை. கடையில் வாங்கிய இரும்பு டானிக்கை நிறுத்துங்கள். உடைந்த அணுக்களின் இரும்பு உடம்பிலேயே தங்குகிறது. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மட்டுமே இரும்புச்சத்து தேவை. கொடுக்கவேண்டியது ஃபோலிக் அமிலம். இந்த நோய்க்குத் தரும் ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ‘புற்றுநோய் மருந்து’ என்று வீடியோக்காரர்கள் மிரட்டுவதைக் காதில் வாங்காதீர்கள்.

மகள் நன்றாக இருக்கும் நாளில் எடுத்த ஹீமோகுளோபின் அளவையும் மண்ணீரலின் விரல் கணக்கையும் ஒரு அட்டையில் எழுதிக் கையோடு வைத்திருங்கள். இரவு டூட்டி டாக்டருக்கு 6 கிராம் என்பது இவளுக்குப் புதிதா பழையதா என்று தெரியவேண்டும். ரத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றவேண்டும். சிக்கிய ரத்தத்தை மண்ணீரல் திருப்பி விடும்போது ஹீமோகுளோபின் அளவு எகிறிவிடும்.