தூங்கியவனைத் தூக்கிக் கப்பலில் போட்டால்

கேள்வி: அரசியல் தத்துவம் படிக்கிறேன். மக்கள் தமக்குள் ஒப்புக்கொண்டு அரசை ஏற்படுத்தினார்கள் என்கிற சமூக ஒப்பந்தத்தின் பேரில்தான் நாம் அரசுக்குக் கட்டுப்படுகிறோம். சாலை, ரேஷன், துறைமுகம் எல்லாவற்றையும் அனுபவித்துக்கொண்டு, மீன்பிடித் தடைக்காலத்தில் திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்கள் அந்த ஒப்பந்தத்தை முறித்தவர்கள் அல்லவா? சட்டம் பிடிக்காவிட்டால் வேறு நாட்டுக்குப் போகவேண்டியதுதானே?
– கல்லூரி மாணவர் ஒருவர், தொண்டி

பதில்: முதலில் அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், தம்பி. என்ன தேதி, எத்தனை ரூபாய் முத்திரைத்தாள், சாட்சி யார் யார்? ராமநாதபுரத்தில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் போய், "என் கொள்ளுத்தாத்தாவுக்கும் முன்னால் யாரோ மனத்துக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், அது என்னையும் கட்டும், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களை ஒருமுறை பார்ப்பார்.

உங்கள் பாடப்புத்தகம் இதை 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சரக்கு என்று சொல்லும். அதற்கு வெகுகாலம் முன்பே நம் பக்கம் இந்தக் கதை உண்டு. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலைக்கு வடமொழியில் மச்ச நியாயம் என்று பெயர். அதில் அவதிப்பட்ட மக்கள் மனுவை அரசனாக்கி, தானியத்தில் ஆறில் ஒரு பங்கும் சரக்கில் பத்தில் ஒரு பங்கும் தர ஒப்புக்கொண்டார்கள் என்கிறது அர்த்தசாஸ்திரம். யார் வாயால் சொல்ல வைக்கிறது தெரியுமா? கூட்டத்தில் அரசனைக் குறைசொல்பவர்களை அடக்க அனுப்பப்படும் ஒற்றர்களின் வாயால். இந்தக் கதை எதற்குப் பயன்படும் என்பது கௌடில்யருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ் 1651-இல், அரசைக் கடல்பூதமாக உருவகித்து 'லெவயதான்' எழுதியபோது, இங்கிலாந்து தன் அரசனின் தலையை வெட்டி இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. உள்நாட்டுப் போரைப் பார்த்தவருடைய பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். அச்சத்தில் கொடுத்த வாக்கும் வாக்குதான் என்றார். கள்ளனிடம் மாட்டி, பணம் தருவதாகச் சொல்லித் தப்பினால், சட்டம் விடுவிக்காதவரை அதையும் கொடுத்தே ஆகவேண்டும். வள்ளுவரும் அந்தக் கள்ளனைப் பார்த்திருக்கிறார். 'வேலொடு நின்றான் இடுவென்றது போலும் கோலொடு நின்றான் இரவு' என்று கொடுங்கோலனையும் வழிப்பறிக்காரனையும் அக்கம்பக்கமாக நிறுத்தினார். ஹாப்ஸும் ஆட்சியாளனுக்குக் கொடுத்த வாக்கையும் கள்ளனுக்குக் கொடுத்த வாக்கையும் ஒரே தட்டில்தான் வைத்தார். இருவருக்கும் கொடுத்துவிடு என்பது அவர் தீர்ப்பு.

உங்கள் கேள்வி ஹாப்ஸிடமிருந்து வரவில்லை, அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கிடமிருந்து வருகிறது. ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடந்தாலே அதன் அரசுக்கு மறைமுகமாகச் சம்மதித்ததாக அர்த்தம் என்று 1689-இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். நீங்கள் ரேஷனையும் துறைமுகத்தையும் சேர்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு 1748-இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் சொன்ன பதிலை உங்கள் ஆசிரியர் அவசரமாகத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது. அன்றாடக் கூலியில் பிழைப்பவன், வேறு மொழியோ வேறு நாட்டு வழக்கமோ அறியாதவன், அவனுக்கு நாட்டை விட்டுப் போகும் சுதந்திரம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு, 'இறங்காமல் இருக்கிறானே, ஆகவே மாலுமிக்குக் கட்டுப்படச் சம்மதித்துவிட்டான்' என்று சொல்வதைப் போன்றது அது. இறங்கினால் கடல்.

இதை விளக்க எனக்கு ஸ்காட்லாந்து வரை போகவேண்டியதில்லை. சென்ற தடைக்காலத்தில் மண்டபத்தில் கரையேற்றியிருந்த ஒரு விசைப்படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தவரிடம் பேசினேன். முழங்கை வரை பழைய பெயின்ட் தூள். மகள் கல்யாணத்துக்குப் படகுக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதைக் கட்டாமல் வேறு படகில் ஏற முடியாது. டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரிக்கும்போது கணக்கு சரியா என்று கேட்டதுண்டா என்றேன். சுரண்டுவதை நிறுத்தாமலே சிரித்தார். அவரும் 'சம்மதித்து'தான் ஏறியிருக்கிறார். வேறு நாட்டுக்குப் போகலாமே என்கிறீர்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். கடல் எல்லையைத் தாண்டியவரை அங்கே எப்படி வரவேற்கிறார்கள் என்று உங்கள் தொண்டியிலேயே விசாரியுங்கள்.

அப்படியானால் தடையை மீறலாமா? கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது என்பதற்குக் காரணம், மீன் இனம் பெருக விடுவது. அது போதுமான காரணம். அதற்கு மேல் கற்பனைக் கையெழுத்து எதற்கு? மீறுகிறவர் ஏமாற்றுவது ஹாப்ஸின் பூதத்தை அல்ல. படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் கடன் வாங்கிச் சாப்பிடும் பக்கத்துப் படகுக்காரரை. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று ஒரு ஏற்பாடு உண்டு. சண்டை போட்டு, வலை அறுந்து, பேசி வந்த ஏற்பாடு அது. ஒப்பந்தம் என்ற சொல்லை அதற்குக் கொடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அதையும் தினமும் யாராவது மீறத்தான் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

'சமூக ஒப்பந்தம்' என்றே நூல் எழுதிய ரூசோவை விட்டுவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். ஆங்கிலேயன் தேர்தல் நேரத்தில் மட்டும்தான் சுதந்திரமானவன், தேர்தல் முடிந்தால் அடிமை என்று 1762-இல் சொன்ன ஒரு வரிக்காகவே அவரை மன்னிப்பேன். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ராவ்ல்ஸ் 1971-இல், நீ யாராகப் பிறப்பாய் என்று தெரியாமல் விதிகளை வகுத்துப் பார் என்றார். நல்ல பயிற்சி. படகு உரிமையாளர் சங்கத்தில் செய்து பார்க்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு பேர். பெண்ணிய அரசியல் சிந்தனையாளர் கரோல் பேட்மன் 1988-இல் கேட்டார்: ஒப்பந்தம் செய்துகொண்ட அந்த 'மனிதர்கள்' யார்? ஆண்கள். பெண்கள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பல்ல, அதற்குள் அடக்கப்பட்ட பொருள். 1997-இல் தத்துவவாதி சார்லஸ் மில்ஸ் இதே கேள்வியை நிறத்தை வைத்துக் கேட்டார். சுதந்திரம் பேசிய லாக், அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர்.

பேட்மன் நம் கடற்கரைக்கு வந்திருந்தால் 'தலைக்கட்டு' என்ற ஒரே சொல்லில் புத்தகத்தை முடித்திருப்பார். ஊர் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு. ஊர்க்கூட்டத்தில் பேசுகிறவர் தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவன் கடலோடு போய்விட்ட பெண்? நான் பார்த்த ஒரு கிராமத்தின் வரி நோட்டில் அப்படிப்பட்ட பெயர்களுக்கு எதிரே 'அரை' என்று பென்சிலில் எழுதியிருந்தது. வரிக்கு அரை, கூட்டத்தில் பேச அந்த அரையும் கிடையாது.

முழுத் தலைக்கட்டுகளுக்கும் மேலிடத்தில் இதே கதிதான். கச்சத்தீவை அந்தப் பக்கம் விட்டுக் கோடு போட்ட 1974 ஒப்பந்தமும், மன்னார் வளைகுடாவில் கோடு போட்ட 1976 ஒப்பந்தமும் இரண்டு அரசுகள் உண்மையிலேயே கையெழுத்துப் போட்டவை. அங்கே வலை காயப்போட்டவர்களை அப்போது யாரும் கேட்கவில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆனபோது, அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்களையும்தான் யாரும் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண்கள் தாங்களாகவே உட்கார்ந்து பேசி, மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பது என்று முடிவு செய்தார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்டால் சொல்வார்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் விசாரியுங்கள், ஆனால் விடியற்காலையில் போங்கள். விரல்களில் துணிக்கிழிசல் சுற்றிக்கொண்டு வள்ளத்தில் ஏறிவிட்டால் மதியம்வரை தண்ணீருக்குள்தான் இருப்பார்கள்.