இரவில் அடிக்கடி எழும் அப்பா: டாக்டரிடம் எப்படி அழைத்துப் போவது?

64 வயது அப்பா இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார், டாக்டரிடம் வர மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பாவும் "வயசானா இப்படித்தான்" என்றே இரண்டு வருடம் ஓட்டினார். கூச்சம்தான் காரணம். "சர்க்கரை பார்த்துட்டு வந்துடலாம்ப்பா" என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். அது பொய்யும் இல்லை. சர்க்கரை கூடினாலும் இப்படி அடிக்கடி போகும்.

இந்த வயதில் பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கமாக இருக்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி அது. வயதோடு பெரிதாகிக் குழாயை நெருக்குகிறது. இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனாலும் புராஸ்டேட் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இரண்டும் தேவையா என்று யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சிறுநீர் எளிதாகப் போக டாம்சுலோசின் போன்ற மாத்திரை கொடுத்தால் சட்டென்று எழும்போது தலைசுற்றலாம், மெதுவாக எழச் சொல்லுங்கள்.

அப்புறம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் சில சிறுநீரை முழுசாக அடைத்துவிடும். அப்படி அடைத்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அதுவரை மாலை ஆறு மணிக்கு மேல் காபி, டீ நிறுத்துங்கள். கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இருட்டில் விழுந்து இடுப்பு எலும்பு உடைவதுதான் எனக்குப் பெரிய பயம்.