நனையாமல் ஒருவர் வேண்டும்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜூன் விடுமுறைக்கு எங்கள் புளோக்கில் ஆறு குடும்பங்கள், பிள்ளைகளோடு சேர்த்து இருபத்திரண்டு பேர், சிங்கப்பூரின் தெற்குக் கடலில் இருக்கிற சிஸ்டர்ஸ் தீவுக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கடல்நீர் ஏறி இறங்கும்போது பாறைகளுக்கு நடுவே தேங்கி நிற்கிற குளத்தில் பிள்ளைகளை நீந்த விடலாமா? ஆழம் குறைவு, அலையும் இல்லை, பெரியவர்கள் பத்துப் பேர் இருக்கிறோம், என்ன பயம் என்கிறார் என் கணவர். - வாசகி, செங்காங்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் "பெரியவர்கள் பத்துப் பேர் இருக்கிறோம்" என்ற அந்த வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பத்துப் பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பார்கள், ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார், ஒருவர் படம் எடுப்பார், இன்னொருவர் சின்னவனுக்குச் சட்டை மாற்றுவார், கடைசியில் தண்ணீரைப் பார்க்க ஒரு கண்கூட இருக்காது.

மூழ்குகிற பிள்ளை கத்தும், கையை ஆட்டும் என்று நாம் நம்புகிறோம். அப்படி நடப்பது அபூர்வம். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த நொடியில் மூச்சை இழுக்கவே நேரம் போதாது, கத்துவதற்கு எங்கே போவது? தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் நீர்மட்டத்தில் இருக்கும், கண் எதையும் பார்க்காத மாதிரி வெறித்திருக்கும், கைகள் இரண்டு பக்கமும் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலவே தெரியும். இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சின்னப் பிள்ளை என்றால் அதற்கும் முன்பே.

அதனால் ஒருவர் நனையாமல் கரையில் நிற்க வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலையே கிடையாது. கைப்பேசியை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும், படம் எடுப்பவரைக் காவலாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள், வெயிலில் அதற்கு மேல் கண் ஓடாது. மாறும்போது "இனி நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, தலைகளை எண்ணி, கழுத்தில் விசிலை மாட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் கூட்டத்துக்கு இரண்டு பேர் போடுங்கள், பாறை மறைக்கிற இடம் எப்படியும் இருக்கும். தண்ணீரில் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு ஜோடி, நீந்தத் தெரியாத பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். நீச்சலுடை பளிச்சென்ற ஆரஞ்சிலோ மஞ்சளிலோ இருக்கட்டும், நீல நிறம் தண்ணீரில் ஆளையே மறைத்துவிடும்.

சரி, அடுத்தது தண்ணீர். நீச்சல் குளத்து ஆழம் நாள் முழுக்க மாறாது, இது மாறிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர்க் கடலில் பெரிய ஏற்ற நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் கிட்டத்தட்ட 3 மீட்டர் வித்தியாசம் வரும். நீர் ஏறுவதும் ஒரே வேகத்தில் இல்லை. காலை 11 மணிக்கு முழுதாக வற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 12 மணிக்கு 25 செண்டிமீட்டர்தான் ஏறியிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 1 மணிக்கு 75 செண்டிமீட்டர். 2 மணிக்கு ஒன்றரை மீட்டர், அதாவது ஆறு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல். இது மீனவர்களும் மாலுமிகளும் போடுகிற தோராயக் கணக்கு, ஆனாலும் எந்த நேரத்தில் ஏமாறுவோம் என்பதைக் காட்டப் போதும். சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்குகிற நேரம் அதுதானே! அதோடு நீர் எப்போதும் கண்ணெதிரே, கடல் பக்கமிருந்து வருவதில்லை, பாறை இடுக்கு வழியாகப் பின்னாலும் புகுந்து, நீங்கள் நடந்து வந்த தாழ்வான பாதையைத்தான் முதலில் மூடும்.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் ஏற்ற இறக்க நேரம் இருக்கிறது, முதல் நாளே பாருங்கள். வற்றி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி, நீர் திரும்பி ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் கரையேறிவிட வேண்டும். அந்த நேரத்தைப் படகில் போகும்போதே இருபத்திரண்டு பேருக்கும் சொல்லிவிடுங்கள், அங்கே போய்ப் பேசினால் பிள்ளைகள் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சுவார்கள், பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். சிஸ்டர்ஸ் என்பது பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவு. 2024 அக்டோபரில் மீண்டும் திறந்த, பெரியதான பிக் சிஸ்டர்ஸ் தீவில் குளத்தையும் காயலையும் விட்டு வெளியே நீந்தவே வேண்டாம், இரண்டு தீவுக்கும் நடுவில் ஓடுகிற நீரோட்டம் பலமானது. செந்தோசாவின் சிலோசோ கடற்கரையில் நிற்பது போல உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பியும் போகாதீர்கள். இடி கேட்டால், மழை வராவிட்டாலும், உடனே எல்லாரும் வெளியே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்கக் கூடாது.

கேள்வி: அமாவாசை, பௌர்ணமியில் கடலில் குளிக்கக் கூடாது என்கிறார் மாமியார். இந்தக் காலத்திலும் இதையெல்லாம் பார்க்க வேண்டுமா? - வாசகர், ஈசூன்

பதில்: பார்க்க வேண்டும் ஐயா. அந்த நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம், நீரோட்டமும் வேகமாக இருக்கும். அடுத்த ஓரிரு நாளும் அப்படியேதான். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் குறைவு, பிள்ளைகளோடு போவதற்கு அதுவே நல்ல சமயம். ஆனால் நாட்காட்டி நாளைத்தான் சொல்லும், மணியைச் சொல்லாது, அதற்கு அட்டவணை பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: என் மகன் ஸ்விம்சேஃபரில் வெள்ளி நிலை தேறிவிட்டான். அவனைத் தனியாக விடலாமா? தங்கையையும் அவனே பார்த்துக்கொள்வானே? - வாசகர், தெம்பனிஸ்

பதில்: வேண்டாம். பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர 2010இல் தொடங்கிய அந்தத் திட்டம் அருமையானது, எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றே சொல்வேன், ஆனால் அவன் தேறியது அடி தெரிகிற, ஓரத்தில் பிடிக்க விளிம்பு உள்ள குளத்தில். இங்கே பாசி வழுக்கும், ஒரு அடி தள்ளினால் பள்ளம். தலைகீழாகக் குதிக்கவும் கூடாது. இன்னொன்று: தங்கை தத்தளித்தால் அண்ணன் பாய்ந்துவிடுவான், அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், இரண்டு பேரும் போவார்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. எதையாவது நீட்டு, எதையாவது வீசு, நீ இறங்காதே, பெரியவரைக் கூப்பிடு என்று சொல்லிக்கொடுங்கள். மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் தண்ணீர்ப் போத்தலில் கயிறு கட்டிக் கரையில் வைத்தால் அதுவே மிதவை. யார் அதிக நேரம் மூச்சைப் பிடிக்கிறார்கள் என்ற போட்டியையும் தடுத்துவிடுங்கள், வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்குகிறவர் தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடலாம்.

கேள்வி: டிசம்பரில் நண்பர்கள் கூட்டமாகப் பாலி போகிறோம். நுசா பெனிடாவில் ஏஞ்சல்ஸ் பில்லாபோங் குளத்தில் குளிக்க ஆசை. - வாசகர், பிடோக்

பதில்: மேலே நின்று பார்த்து ரசியுங்கள், இறங்காதீர்கள். அதன் ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. பத்து நிமிடம் கண்ணாடி மாதிரி கிடக்கிற நீரில் திடீரென்று ஒரு பேரலை பாறைக்கு மேலேறி வந்து, திரும்பும்போது ஆளையும் இழுத்துப் போகும், அப்படி அங்கே ஆட்கள் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறார்கள். சிட்னிக்குத் தெற்கே ஃபிகர் எய்ட் பூல்ஸ் என்ற இடத்துக்கு அந்த மாநிலத்தின் பூங்காத் துறையே அலை அபாய முன்னறிவிப்பு வெளியிடுகிறது, வற்றம் மட்டும் பார்த்தால் போதாது என்பதால்தான். கூட்டத்தில் ஒருவர் இறங்கினால் மற்றவர்களும் இறங்குவார்கள். வேண்டாம் என்று சொல்கிற அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

கேள்வி: கல்மீன், ஜெல்லிமீன் கடித்தால் என்ன செய்வது? - வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கல்மீன் முள் குத்தினால் பொறுக்க முடியாத வலி. காலைத் தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். குத்துப்பட்டவருக்குச் சூடு தெரியாது, உங்கள் கையை விட்டுப் பாருங்கள். தீவில் வெந்நீருக்கு எங்கே போவது? ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போங்கள். தடித்த அடியுள்ள காலணி இல்லாமல் யாரும் குளத்தில் கால் வைக்கக் கூடாது, பாறைப் பொந்தில் கை விடவும் கூடாது. பெட்டி ஜெல்லிமீன் பட்டால் வினிகரைத் தாராளமாக ஊற்றுங்கள், தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள். தண்ணீரிலிருந்து தூக்கியவருக்கு மூச்சில்லை என்றாலும் அதே எண்தான், மறுமுனையில் இருப்பவர் என்ன செய்வது என்று சொல்லித் தருவார், ஆனால் தீவுக்குப் படகு வந்து சேர நேரமாகும், அதுவரை மூச்சுக் கொடுப்பதும் நெஞ்சை அமுக்குவதும் உங்கள் கையில். ஆறு குடும்பத்தில் இரண்டு பேராவது அந்தப் பயிற்சியை முடித்துவிட்டுப் படகேறுங்கள்.