நாற்பது கட்டுரைகளும் ஒரு புட்டியும்

கேள்வி: என் பேரனுக்கு ஏழு வயது, இருபது கிலோ எடை. டிராவெட் வகை வலிப்பு. மூன்று மருந்துகள் கொடுத்தும் மாதத்தில் பல நாள் வலிப்பு வருகிறது. மருத்துவமனை வராந்தாவில் பழக்கமான எட்டுக் குடும்பங்கள் இப்போது ஒன்றாகப் பேசிக்கொள்கிறோம், எல்லோரும் தமிழர்கள். ‘கஞ்சா எண்ணெய் கேட்கும்’ என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் மருமகன் இணையத்திலிருந்து நாற்பது ஆய்வுக் கட்டுரைகளை இறக்கிக் கொடுத்திருக்கிறார். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவற்றைத் தமிழில் எழுதி, அவென்யூ ரோட்டில் நூறு பிரதி அச்சிட்டு, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்க நினைக்கிறேன். போலீஸ் தொல்லை வருமா? எதைச் சேர்ப்பது, எதை விடுவது?
— வாசகி, ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: போலீஸை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் பயப்படும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கையில் இருக்கும் சரக்கைப் பற்றியது; மேசையில் இருக்கும் காகிதத்தைப் பற்றியது அல்ல. ஓர் ஆய்வைப் படித்து, அது என்ன சொல்கிறது என்று தமிழில் எழுதுவதில் குற்றம் ஏதும் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டிய சட்டம் அதைவிடப் பழையது. ‘இந்த நோய்க்கு இந்த மருந்து’ என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது, புற்றுநோயும் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு அறிவியல் நோக்கில் எழுதப்பட்ட நூலுக்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது. ஆனால் பின்னட்டையில் ஒரு கடையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டீர்களானால் உங்கள் நூல் விளம்பரமாகிவிடும். ‘எங்கே கிடைக்கும்’ என்ற பக்கத்தை யார் கேட்டாலும் சேர்க்காதீர்கள். அச்சுச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு விற்பனையாளர் கட்டாயம் வருவார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உண்மையான சிக்கல் ‘கஞ்சா எண்ணெய்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. மருந்துத் தகவல் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு தகப்பனார் கனத்த கோப்பு ஒன்றோடு வந்தார். கோப்பு முழுவதும் ஆய்வுகள், மஞ்சள் மையால் கோடு போட்டவை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய புட்டியை எடுத்து வைத்தார். கோப்பில் இருந்த ஒரு கட்டுரைகூட அந்தப் புட்டியில் இருந்த பொருளைப் பற்றியது அல்ல. அவர் ஏமாளி இல்லை, கணக்காளர். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருந்ததால் பொருளும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டார்.

செடி ஒன்றுதான், அதிலிருந்து வரும் பொருள்கள் பல. டிஹெச்சி என்பது போதை தரும் கூறு. 1964-இல் இஸ்ரேலின் ரெஹோவோத்தில் ரஃபேல் மெக்கூலமும் உடன் பணியாற்றியவரும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். சிபிடி எனப்படும் கன்னாபிடையோல் போதை தராது. வலிப்பில் நன்றாகச் சோதிக்கப்பட்டது, தூய்மைப்படுத்திய இந்த சிபிடிதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அனுமதித்த திரவத்தில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 100 மில்லிகிராம் சிபிடி இருக்கும். ஹெம்ப், அதாவது போதைக் கூறு மிகக் குறைந்த கஞ்சாச் செடி; அதன் விதை எண்ணெய் வேறு. அது உணவுப் பொருள். 2021-இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு விதி வகுத்தபோது, கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் சிபிடி இருக்கக் கூடாது என்றது. மூன்றாவது, ஆயுர்வேத உரிமத்தோடு ‘விஜயா’ என்ற பெயரில் வரும் இலைச்சாறு. அதில் டிஹெச்சியும் இருக்கும். மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருந்தாக வேண்டும். நான்காவது, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் கொடுக்கும் லேபிள் இல்லாத புட்டி. அதைப் பற்றி எந்த ஆய்வும் எதுவும் சொல்லாது. அதில் இருப்பது பூமுனைச் சாறு அல்லது பிசின் என்றால் 1985 சட்டம் அங்கே உங்களைத் தேடி வரும். அந்தச் சட்டத்தில் ‘சிறிய அளவு’ என்று ஒரு பிரிவு இருப்பதை அனுமதி என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு.

ஆகவே உங்கள் நாற்பது கட்டுரைகளையும் முதலில் நோய்வாரியாகப் பிரிக்காதீர்கள், பொருள்வாரியாகப் பிரியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, ஒரு கட்டுரையை எப்படிப் பிரித்துப் படிப்பது? உங்கள் கட்டில் அநேகமாக இருக்கும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: 2017-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த டிராவெட் ஆய்வு. 120 குழந்தைகளும் இளையோரும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த மருந்துகளை நிறுத்தாமல், கூடுதலாக ஒரு பாதியினருக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் தினமும் சிபிடி, மறுபாதியினருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான, மருந்தில்லாத திரவம். பதினான்கு வாரம். மருந்து பெற்றவர்களுக்கு மாதத்தில் வந்த வலிப்பு, நடுமதிப்பில் 12.4-லிருந்து 5.9 ஆயிற்று, மற்றவர்களுக்கு 14.9-லிருந்து 14.1.

மருமகன் மஞ்சள் கோடு போட்டது இந்த இடமாகத்தான் இருக்கும். நீங்கள் பச்சை மையை எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள். வலிப்பு பாதியாகவோ அதைவிடவோ குறைந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேர்; மருந்தில்லாத திரவம் குடித்தவர்களிலும் நூற்றுக்கு 27 பேர். ‘எங்கள் பிள்ளைக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது’ என்று வராந்தாவில் யாராவது சொன்னால் இந்த 27-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. வலிப்பு தானாகவும் ஏறி இறங்கும், அவ்வளவுதான். வலிப்பே வராமல் நின்றவர்கள் நூற்றுக்கு 5 பேர். வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கக் கலக்கம், கல்லீரல் பரிசோதனையில் மாற்றம் எல்லாம் மருந்துப் பக்கம் கூடுதல். பக்கவிளைவு தாங்காமல் ஆய்விலிருந்து விலகியவர்கள் அந்தப் பக்கம் 8 பேர், இந்தப் பக்கம் ஒருவர். செலவை ஏற்றது அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனம். அதற்காக ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் இவ்வளவும் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது கணக்கு. கொடுப்பதற்கு அல்ல, புரிந்துகொள்வதற்கு. உங்கள் பேரனின் எடைக்கு அந்த ஆய்வின் அளவு நாளைக்கு 400 மில்லிகிராம். முன்பு சொன்ன எபிடியோலெக்ஸ் திரவத்தில் 4 மில்லிலிட்டர். ஹெம்ப் விதை எண்ணெயில் அதை எடுக்க வேண்டுமென்றால், சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே இருந்தாலும், தினம் ஐந்து கிலோவுக்கு மேல் எண்ணெய் தேவைப்படும். வீட்டில் செக்கு போட வேண்டியதுதான். இலைச்சாற்றுப் புட்டியிலோ ‘1000 மில்லிகிராம் சாறு’ என்று இருக்கும். அது சாற்றின் எடை, அதற்குள் சிபிடி எவ்வளவு என்பது தனிக் கேள்வி. இந்த ஒரு கணக்கை நூலின் முதல் பக்கத்தில் போட்டால் போதும், நாற்பது கட்டுரைகளும் செய்யாத நன்மையைச் செய்யும்.

நீங்கள் ஆசிரியை என்பதால் மொழியைப் பற்றிச் சற்றுத் தாராளமாகவே பேசலாம். மொழிபெயர்ப்பில் மருந்து மாறிவிடும் இடங்கள் உண்டு. ஆய்வில் மறுபாதியினருக்குக் கொடுத்த மருந்தில்லாத திரவத்துக்குப் பிளாசிபோ என்று பெயர். அதைப் ‘போலி மருந்து’ என்று எழுதுவார்கள். கள்ளச் சரக்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள் என்று பாட்டிமார் படித்துவிடுவார்கள். பிளாசிபோ என்றே எழுதி, முதல் முறை விளக்கிவிடுங்கள். ஹெம்ப்பைச் ‘சணல்’ என்று எழுதும் வழக்கம் பத்திரிகைகளிலேயே இருக்கிறது. நாம் சாக்குப் பை தைக்கும் சணல் முற்றிலும் வேறு செடி. ‘குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது’ என்றால் நிறையக் குறைந்தது என்று பொருளில்லை. தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதுதான். அந்த இடத்தில் சொல்லை விட்டுவிட்டு எண்ணை எழுதுங்கள். எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘லாம்’ விகுதி. மூலத்தில் ‘குறைக்கலாம்’ என்று இருப்பது தமிழுக்கு வரும்போது ‘குறைக்கும்’ என்று ஆகிவிடுகிறது. எழுதி முடித்ததும் ஒரு நாள் உட்கார்ந்து, உதிர்ந்துபோன லாம்களை மட்டும் தேடிச் சேருங்கள்.

எலியிலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலும் செய்த ஆய்வுகளை முழுவதுமாக விட்டுவிடுங்கள். அவை மோசமானவை என்பதற்காக அல்ல. அடுத்த ஆய்வைத் திட்டமிடுபவர்களுக்காக எழுதப்பட்டவை. ‘புற்றுக்கட்டியைக் கரைக்கும்’ என்ற செய்திகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017-இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு, பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபி வாந்தி போன்ற சிலவற்றுக்கு வலுவான சான்று உண்டு என்றது. புற்றுநோயையே குணப்படுத்துவதற்குப் போதிய சான்று இல்லை என்றது. மறு ஆண்டே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை அலசி, நரம்பு வலியில் நன்மையைவிடத் தீங்கு மிஞ்சக்கூடும் என்றது. இரண்டும் மோதுகிறதே என்று ஒன்றை மறைக்காதீர்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் போடுங்கள். காக்ரேனின் எளிய சுருக்கங்கள் சில தமிழிலேயே கிடைக்கின்றன. எழுதத் தொடங்கும் முன் இரண்டைப் படித்துப் பாருங்கள், நடை கைவரும். இந்தியாவில் நடக்கும் ஆய்வு என்று யாராவது சொன்னால், 2007-இலிருந்து இயங்கும் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம்.

பதிப்புரிமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சிக்கல் வருவதானால் அங்கிருந்துதான் வரும். ஒரு கட்டுரையைச் சொந்தப் படிப்புக்கு நகலெடுப்பது வேறு, நூறு பேருக்கு அனுப்புவது வேறு. மொழிபெயர்க்கும் உரிமையும் பெரும்பாலும் பதிப்பாளரிடமே இருக்கும். ஆகவே வரிக்கு வரி பெயர்க்காமல், கண்டுபிடிப்பை உங்கள் சொற்களில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்; எண்களுக்கும் உண்மைகளுக்கும் உரிமையாளர் கிடையாது. பக்கத்தின் அடியில் கட்டுரையின் ஆங்கிலத் தலைப்பையும், மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் அதற்குள்ள எண்ணையும் கொடுங்கள். பெங்களூரில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. உங்கள் பேரனின் மருத்துவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அந்த எண்ணை வைத்து அரை நிமிடத்தில் மூலத்தை எடுத்து, நீங்கள் எழுதியது சரிதானா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

குடும்பங்களின் அனுபவங்களைச் சேர்க்க ஆசை வரும். எட்டே குடும்பங்கள், பெயரை மாற்றினாலும் வயதும் பேட்டையும் போதும், யார் என்று தெரிந்துவிடும். வேண்டாம்.

மருந்தோடு மருந்து மோதுவதற்குத் தடித்த எழுத்தில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். சிபிடி, குளோபசாம் என்ற வலிப்பு மருந்து உடலில் மாறி உண்டாகும் விளைபொருளை இரத்தத்தில் ஏற்றிவிடும். குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கலாம். வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் ஏறலாம். டிராவெட் குழந்தைகள் பலர் இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டிருப்பவர்கள். இரண்டாவது தவறு இன்னும் கொடியது: புதியது வந்துவிட்டதென்று பழைய மருந்தைத் தாங்களாகவே நிறுத்துவது. அப்படி நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகும் முன் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முழு நூலையும் படிக்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரு பக்கம் என்றால் படிப்பார்.

நூறு பிரதி இப்போது வேண்டாம். இருபது போடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய தேதியோடு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பப்மெட்டில் அந்த எண்களைத் தட்டிப் பாருங்கள்; திரும்பப் பெறப்பட்ட கட்டுரையென்றால் அங்கேயே சொல்லியிருக்கும். சுருள் கம்பிக் கட்டாகப் போடச் சொல்லுங்கள், தைக்க வேண்டாம். ஒரு பக்கத்தைக் கழற்றி வேறு பக்கத்தை மாட்ட வசதியாக இருக்கும்.