கராஜுக்குள் படகு அடங்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். இரண்டு கார் கராஜ். உள்ளே ஆழம் 20 அடி 6 அங்குலம். கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். குடியிருப்புச் சங்கம் வெளியே படகு நிறுத்த விடாது. பதினெட்டரை அடி பாஸ் மீன்பிடிப் படகு ஒன்று பார்த்திருக்கிறோம். கடைக்காரர் "தாராளமாகப் போகும்" என்கிறார். நம்பலாமா?

பதில்: படகு போகும், கதவுதான் மூடாது. பதினெட்டரை அடி என்பது படகின் உடல் மட்டும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டிரெய்லர் மூக்கும் பின்னால் தொங்கும் மோட்டாரும் அந்தக் கணக்கில் வராது. இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 3 முதல் 4 அடி கூட்டிவிடும். ஆக உங்கள் படகு இருபத்திரண்டரை அடியைத் தொடலாம். டிராக்கர், நைட்ரோ போன்ற கம்பெனிகள் படகு, மோட்டார், டிரெய்லர் மூன்றும் சேர்ந்த நீளத்தைத் தனி வரியில் போடுகின்றன. விலைக்கு முன் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும், கடையில் நிற்கும் அதே வண்டியில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

மூக்கை மடக்கும் 'ஸ்விங் டங்' டிரெய்லர் சுமார் 2 அடி மிச்சம் பிடிக்கும். அப்படியும் இருபதரை அடிக்கு இருபதரை அடி என்றால், சுவரும் படகும் முத்தமிட்டுக்கொண்டு நிற்கும். உங்களுக்குப் பதினேழரை அடிப் படகுதான் சரி. மடக்கினால் பத்தொன்பதரை அடி; கதவுப் பக்கமும் மோட்டார் பக்கமும் சேர்த்து ஓர் அடி மிஞ்சும்.

மடக்கும் டிரெய்லரில் முதலில் பார்க்க வேண்டியது, மூக்கைத் தாங்கும் ஜாக் எங்கே இருக்கிறது என்பது. மூக்கு மடங்கும் கீலுக்குப் பின்னால், படகுப் பக்கம் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால், கீலைப் பூட்டியிருக்கும் பின்னை உருவியதும் பாரத்தைத் தாங்க ஆளிருக்காது. மடக்கும் இடத்தில் விளக்கு ஒயரும் பிரேக் குழாயும் நசுங்காமல் வளைகின்றனவா என்றும் ஒரு முறை மடக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

குறுக்காக நிறுத்தினால் இடம் கிடைக்கும் என்பார்கள். இருபத்திரண்டரை அடிப் படகை 15 டிகிரி திருப்பினால் ஆழத்தில் மிச்சமாவது 9 அங்குலம்தான். அதற்கு விலையாகப் பக்கவாட்டில் ஐந்தரை அடிக்கு மேல் போய்விடும். பக்கத்தில் நிற்கும் காருக்கு இடமிருக்காது. மோட்டாரை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைப்பது இதைவிடப் புத்திசாலித்தனம். அதையும்விட, உள்ளே வந்ததும் மோட்டாரை நேராக இறக்கிவிடுவது. தூக்கிய நிலையில் அது பின்னால் நீண்டு கிடக்கும். இறக்கினால் நீளமும் குறையும், உள்ளே தங்கிய தண்ணீரும் வடியும். தேங்கிய தண்ணீர் உறைந்தால் கியர் பெட்டி விரிசல் விடலாம். டாலஸில் 2021 பிப்ரவரி உறைபனியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மோட்டாரின் அடியில் நீண்டிருக்கும் துடுப்பு தரையைத் தொடாமல் ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும்.

ஆழத்தை அளக்கும்போது மூடிய கதவின் உட்புற இரும்புப் பட்டியிலிருந்து அளக்கவும். எதிர்ப்பக்கம் சுவர் வரைக்கும் அல்ல. முதலில் இடிக்கிற ஹீட்டர், அலமாரி, வீட்டுப் படி எதுவோ அது வரைக்கும். அகலத்தில் உங்களுக்குத் தொல்லை இல்லை. 8 அடி ஒற்றைக் கதவுக்காரர்களுக்குத்தான் சிக்கல்: டிரெய்லரின் மட்கார்டு 102 அங்குலம் வரை போகலாம், கதவோ 96.

உயரத்தில் 84 அங்குலம் போதுமென்று தோன்றும். வாசலில் சரிவு இருந்தால் கதை வேறு. பின்னுக்குத் தள்ளும்போது கார் சரிவில் தாழ்ந்திருக்கும், டிரெய்லர் சக்கரம் மேலேறிவிடும். படகின் பின்பகுதி தூக்கிக்கொள்ளும். பின்னால் மடித்து நிற்கும் ஆழமில்லா நீர் நங்கூரக் கம்பங்கள்தான் முதலில் கதவுச் சட்டத்தில் இடிக்கும். உட்காரும் ஸ்டூல், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் தெருவிலேயே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: அலுமினியமா, ஃபைபர் கிளாஸா? லேக் ஃபோர்க், ரே ஹப்பர்ட் ஏரிகளுக்குத்தான் போவோம்.

பதில்: ஃபோர்க்கில் தண்ணீருக்கடியில் மரக்கட்டைகள் நிறைய நிற்கின்றன. அங்கே அலுமினியம் நெளிந்தாலும் பெரும்பாலும் தப்பும். ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் பெயரும். ரே ஹப்பர்டில் காற்று கிளம்பினால் ஃபைபரின் கனம்தான் அலையை வெட்டும்; இலேசான அலுமினியம் முதுகெலும்பை எண்ண வைக்கும். படகைக் கராஜுக்குள் கையால் நகர்த்த வேண்டியிருந்தால் அலுமினியத்துக்கே எங்கள் ஓட்டு. குதிரைத்திறன் பேராசை வேண்டாம்: 20 அடிக்குக் குறைந்த படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் உச்ச வரம்பு எழுதியிருக்கும்.

கேள்வி: கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. பெட்ரோல் டேங்கோடு படகை வைக்கலாமா?

பதில்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். ஹீட்டர்களை 18 அங்குல மேடையில் ஏற்றி வைப்பது அதனால்தான். உங்களுடையது தரையில் இருந்தால் முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். டேங்கை விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரிந்து காற்றுத்துளை வழியாகச் சொட்டும். பத்தில் ஒரு பங்கு காலியாக விடவும். சார்ஜ் போடும்போது பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து வைக்கவும். ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும். சார்ஜர் ஒயரை எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டும்படி படகை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதை, வாங்கும் முன்பே தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.